வைக்கிங் தவமணியும் காளவாசலும்

மறுநாள் காலைக் கூட்டத்தில் இரண்டு நிமிட மௌனத்தை ஒரு நிமிடமாகக் குறைப்பதென்று, கே.கே. நகரிலுள்ள எங்கள் பள்ளி நிர்வாகம் ஆழ்ந்து ஆலோசித்து ஒருமனதாக முடிவெடுத்தது. வெயிலும் கருத்தில் கொள்ளப்பட்டது. வரலாற்று ஆசிரியர் தவமணி காலமான செய்தி பள்ளியை எட்டிய கால்மணி நேரத்துக்குள் இது நடந்தேறியது. செய்தியைச் சொல்ல மருத்துவமனை வராந்தாவிலிருந்து தொலைபேசியில் அழைத்தவன் நான்.

அவரும் அதே பள்ளியில் ஆசிரியனான நானும் சமயநல்லூர்க்காரர்கள், ஒரே பேருந்தில் பள்ளிக்குப் போனோம். பாடப்புத்தகம் வைக்கிங் கடலோடிகளுக்கு ஒரு பத்தி ஒதுக்கியிருந்தது. அவர் ஒரு வாரம் ஒதுக்குவார். மாணவர்கள் வைத்த ‘வைக்கிங்’ என்ற பெயரைப் பட்டமாகவே ஏற்றுக்கொண்டார்.

“நார்வேல கெளம்புனவன் ஐஸ்லாந்து, கிரீன்லாந்து தாண்டி அமெரிக்கக் கரையில போய் நின்னான். இந்தப் பக்கம் ரஷ்யா ஆத்து வழியா இஸ்தான்புல் வரைக்கும் வந்துட்டான். அம்புட்டு தூரத்துல ஒரு காளவாசல் கெடையாது மாப்ள” என்பார், பேருந்து காளவாசல் சந்திப்பின் நெரிசலில் நிற்கும்போதெல்லாம்.

“உங்காளுக டிக்கெட் எடுத்தாய்ங்களா சார்?” என்று கேட்பார் நடத்துநர்.

“கொள்ளையடிக்கப் போனவன் எதுக்குய்யா டிக்கெட் எடுக்கப் போறான்?”

அவர் பெரிதும் மதித்தது வைக்கிங்குகளுடைய ஒரு வழக்கத்தை. ஓர் ஆறு முடிந்து அடுத்த ஆறு தள்ளி இருந்தால், படகைத் தரையில் இழுத்தும் தூக்கியும் கொண்டுபோய் அங்கே இறக்குவார்களாம். “உக்காந்து அழுதா ஆகுமா? தூக்கிட்டு நடந்துட்டான்.”

அன்று காலை அவருக்கு நெஞ்சு வலித்தது. அவர் மனைவியும் நானும் ஆம்புலன்சில் ஏறினோம். காளவாசலில் வண்டி நின்றது. சைரன் மட்டும் அலறிக்கொண்டிருந்தது.

“எங்கிட்டுண்ணே திருப்ப? எறும்பு போக எடமில்ல” என்றார் ஓட்டுநர்.

மதினி அவர் பாதங்களைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். “ஏதாவது பண்ணுங்க தம்பி.”

தவமணி கண் திறந்தார். “தூக்கிட்டு நடங்க மாப்ள.”

“அசையக் கூடாதுண்ணே.”

“இங்கனயே கெடந்து சாகவா?”

ஸ்ட்ரெச்சரோடு தூக்கினோம். ஆம்புலன்ஸ் உதவியாளரும் நானும் முன்பக்கம், ஷேர் ஆட்டோக்காரர்கள் இருவர் பின்பக்கம். ஆக்சிஜன் சிலிண்டரை மதினி குழந்தையைப் போல இடுப்பில் வைத்திருந்தார். லாரிக்கும் தண்ணீர் வண்டிக்கும் இடையே ஒருக்களித்து நடந்தோம்.

“இன்னும் எம்புட்டு தூரம்?”

“வந்தாச்சுண்ணே.”

வரவில்லை. மறுபடி கேட்டார், மறுபடி அதையே சொன்னேன். பிறகு அவர் கேட்கவில்லை. ஒரு வரலாற்று ஆசிரியருக்கு நான் சொன்ன விடை, ஒரு பொய்த் தகவல். பொறுத்துக்கொள்ளுங்கள் அண்ணே.

நாங்கள் மருத்துவமனை வாசலை அடைந்தபோது, அதே ஆம்புலன்ஸ் எங்களுக்கு முன்பே வந்து அங்கே நின்றிருந்தது.