சுத்தியல் அக்காவும் இரட்டைத் தட்டும்

டயரைக் கட்டித் தொங்கவிட்டு அடிப்பதெல்லாம் ஒரு வேலையா என்று கல்யாணமான புதிதில் அவள் வீட்டுக்காரர் கேட்டார். அன்றைக்கு வாங்கிக் கட்டிக்கொண்டதில் அப்புறம் கேட்கவில்லை. டயர் கம்பெனியின் சோதனைக்கூடத்தில் அவள் பெயரே சுத்தியல் அக்கா. ரப்பர் கயிற்றில் தொங்கும் டயரில் சென்சாரை மெழுகு வைத்து ஒட்டிவிட்டு, சின்னச் சுத்தியலால் ஒரே ஒரு தட்டு. டயர் எப்படி அதிர்கிறது என்று கம்ப்யூட்டர் கோடு போட்டுக் காட்டும். கோடு சரியில்லாத டயர் ஓடும் வண்டியையே நடுங்க வைக்கும், அதை வெளியே அனுப்பமாட்டார்கள். தட்டிய கை சட்டென்று விலகிவிட வேண்டும். கொஞ்சம் தாமதித்தாலும் ரப்பர் எழும்பி வந்து சுத்தியலை மறுபடி தொட்டுவிடும். இரட்டைத் தட்டு விழுந்தால் கணக்கு குட்டிச்சுவர்தான்.

குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு பிசகியதிலிருந்து, சுத்தியலை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுவார்களோ என்ற பயம் அவளை அரித்தது. கட்டு பிரித்த மறுநாளே வந்து நின்றாள். கை சரியாகிவிட்டது என்று கேட்காதவர்களிடமும் சொன்னாள். தட்டியதெல்லாம் ஒழுங்காகவே பதிவானது. போன உயிர் திரும்பி வந்தது.

இன்று புது கம்ப்யூட்டர். முதல் தட்டுக்கே திரையில் சிவப்பு எழுத்தில் ‘இரட்டைத் தட்டு’ என்று வந்தது. அடுத்ததற்கும் அதே. மெழுகைச் சுரண்டி வேறு ஒட்டினாள், கயிற்றை மாற்றினாள், சுத்தியல் முனையைக் கழற்றிப் புதிது போட்டாள். சிவப்பு போகவில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவள் ஆடத் தெரிந்தவள், அதனால் கோணலைப் பற்றி இன்னும் சத்தமாகப் பேசினாள்.

"யாரு இந்த டப்பாவ வாங்கச் சொன்னது? நேத்து வரைக்கும் பழசு நல்லாத்தானே ஓடுச்சு?"

கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்பவன் அவளுக்குக் கூடப் பிறக்காத தம்பி. அவள் ஒன்று சொன்னால் ஒன்பது சொல்கிறவன், இன்று தலையே நிமிரவில்லை.

"ஏன்டா, நாக்க அடகு வச்சுட்டு வந்தியா?"

"அக்கா... பழசுல அந்தச் சிவப்பு வராம நான்தான் நிறுத்தி வச்சிருந்தேன்."

"எப்ப இருந்து?"

"நீங்க கட்டு பிரிச்சிட்டு வந்த நாள்ல இருந்து. கை தானா சரியாயிடும்னு நெனச்சேன். சொன்னா மனசு ஒடஞ்சு போயிடுவீங்களேன்னு..."

"அப்ப நாம சரின்னு சொன்ன டயரெல்லாம்?"

"அனுப்பியாச்சுக்கா."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எனக்குப் பாவம் பாத்து ஊர்ல ஓடுற வண்டியையெல்லாம் நடுங்க விட்டிருக்கியேடா."

அதற்கு மேல் திட்ட வாய் வரவில்லை. அந்த இரண்டாவது தொடுதல் ஒவ்வொரு முறையும் அவள் விரலுக்குத் தெரிந்துதான் இருந்தது. திரையில் ஒன்றும் வராததால், விரல்தான் பொய் சொல்கிறது என்று தனக்குத்தானே சாதித்துக்கொண்டிருந்தாள். அதை யாரிடம் போய்ச் சொல்வது?

சுத்தியலை அவனிடம் நீட்டினாள். "பிடி. அந்த டயரெல்லாம் திரும்ப வரணும்னு மேனேஜர்கிட்ட நானே சொல்லிக்கிறேன்."

"அக்கா, இது உங்க சுத்தியல்."

"பேசாம அடி."

வாங்கினான். பிடித்த பிடியே தப்பு, முழங்கையும் தூக்கிக்கொண்டு நின்றது. சிவப்பு வரட்டும், வரட்டும் என்று அவள் மனம் அடித்துக்கொண்டது. அவன் தட்டினான். கோடு சுத்தமாக விழுந்தது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.