வாடகை எஞ்சினின் கரும்புகை

மாண்ட்ரியலுக்கு வெளியே ஒரு சின்ன ஸ்டேஷன். 1975, ஒரு ஞாயிற்றுக்கிழமை. நீராவி எஞ்சின் புறப்படக் காத்திருக்கிறது. என் தங்கையின் கணவர் இந்த ஊரில் டாக்டர். பழைய ரயில்களை ஓட்டிக் காட்டும் சங்கம் ஒன்றின் கணக்கையும் பார்த்துக்கொள்கிறார். எஞ்சின் சங்கத்துடையது அல்ல, நாள் வாடகைக்கு எடுத்தது. வாடகையை ஈடுகட்ட, கரி அள்ளிப் போடுவதற்கே டிக்கெட் விற்கிறார்கள்.

டை கட்டிய பேராசிரியர் ஒருவர் காசு கொடுத்து ஏறி, கரியை அடுப்பின் நடுவில் குவியலாகக் கொட்டுகிறார். கரும்புகை கிளம்புகிறது. பிளாட்பாரமே கை தட்டுகிறது.

நான் ஜோலார்பேட்டையில் எஞ்சின் டிரைவர்; எங்களுக்கு இன்னும் கரி எஞ்சின்தான். அங்கே இப்படிப் புகைவிட்டால், கரியை வீணாக்கியதற்கு மெமோ வரும்.

"மாப்பிள்ளை, பரத்திப் போடச் சொல்லுங்க. கரி பாழாகுது."

"ஆகட்டும் மச்சான். புகை வரலேன்னா அடுத்த வாரம் ஒருத்தரும் வர மாட்டாங்க. அப்புறம் வாடகையை யார் கட்டறது?"

பேராசிரியர் முகமெல்லாம் கரியோடு இறங்குகிறார். அவர் மனைவி ஓடிவந்து கட்டிக்கொள்கிறாள். எனக்கு வயிறு எரிகிறது. புகையே தெரியாமல் வண்டி ஓட்டுபவன் என்று எங்கள் ஷெட்டில் எனக்குப் பெயர். ஆனால் எங்கள் பிளாட்பாரத்தில் யாராவது என்னிடம் வந்து பேசினால், ஏன் லேட் என்றுதான் கேட்பார்கள்.