கருப்பியின் தலையில் நான் ஊற்றிய தண்ணீர்

கருப்பி… போய்விட்டாய்.

நேற்று மத்தியானம். ஜெராம் கடற்கரைச் சேற்றிலேயே. கடல் தண்ணீர் ஏறி உன்னைத் தூக்குவதற்கு முன்பே.

பார்க்கிறவர்களுக்குச் சொல்கிறேன். கருப்பி என்பது கரை ஒதுங்கிய ஒரு திமிங்கலக் குட்டி. மஞ்சள் புடவையில் ஒரு பெண் வாளியோடு நின்று அதன் தலையில் தண்ணீர் ஊற்றுகிற போட்டோவைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பெண் நான்தான்.

'புண்ணியவதி அக்கா' என்று கமெண்ட் போட்டிருக்கிறீர்கள். ஹார்ட் போட்டிருக்கிறீர்கள். தயவு செய்து அந்தப் போட்டோவை இனி யாரும் ஷேர் பண்ண வேண்டாம்…

எங்கள் ஊர் புக்கிட் பெலிம்பிங்கிலிருந்து கோவில் பெண்கள் எல்லாரும் வேனில் போயிருந்தோம். ஆடித் திருவிழா. கரகம் எடுக்கக் கடற்கரைக்குத்தான் போவோம். வாளி, மஞ்சள் தண்ணீர், வேப்பிலை எல்லாம் கையில் இருந்தது.

தண்ணீர் வற்றிய சேற்றில் கருப்பாக ஏதோ கிடந்தது. ஒரு லோரி நீளம். கிட்டப் போனால், கண் அசைந்தது.

பக்கத்து வீட்டு லெட்சுமி சேற்றிலேயே விழுந்து கும்பிட்டாள். "கரகம் எடுக்க வந்த எடத்துல ஆத்தாவே வந்து படுத்திருக்கா பாரு."

"ஆத்தா இம்புட்டு குண்டாவா இருப்பா," என்றேன். எல்லாரும் சிரித்தோம்.

அப்போதுதான் உன்னைத் தடவி, கருப்பி என்று கூப்பிட்டேன்.

வெயில் ஏறியது. உன் தோல் காய ஆரம்பித்தது. நான் மூணாம் வகுப்போடு நின்றவள். மீன் தண்ணீரை விட்டு வந்தால் மூச்சு முட்டும், எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதனால் ஊற்றினேன். முதலில் மஞ்சள் தண்ணீர். அது தீர்ந்ததும் கடல் தண்ணீர். பெண்கள் வரிசையாக நின்று வாளியைக் கைமாற்றிக் கொடுத்தார்கள்.

உன் தலை உச்சியில் ஒரு துளை இருந்தது. மூடி மூடித் திறந்தது. தாகத்துக்கு வாய் திறக்கிறாய் என்று நினைத்து, அதிலேயே ஊற்றினேன்.

ஒவ்வொரு வாளிக்கும் உன் உடம்பு உதறியது. துளையிலிருந்து தண்ணீர் பீறிட்டு என் முகத்தில் அடித்தது. "ஏத்துக்கிட்டா, ஏத்துக்கிட்டா," என்று லெட்சுமி குலவை போட்டாள்.

தூரத்தில் ஒரு மலாய்க்காரப் பெரியவரின் மீன் படகு சேற்றில் தட்டி நின்றிருந்தது. அந்த பாக்சிக், மலாய்ப் பெரியவர்களை அப்படித்தான் கூப்பிடுவோம், எழுந்து நின்று கத்தினார். காற்றில் 'ஜாங்கான்' மட்டும்தான் கேட்டது. வேண்டாம் என்கிறார். தன் மூக்கைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார்.

"நாத்தம் அடிக்குதாம் அவருக்கு," என்றாள் லெட்சுமி. "நாம கும்பிட்டாலே இவங்களுக்கு ஆவாது. நீ ஊத்துடி."

ஊற்றினேன். அவரைப் பார்த்துக்கொண்டே, வேண்டுமென்றே, வாளியை இன்னும் உயர்த்தி.

அவர் படகை விட்டு இறங்கி, தொடை வரை சேற்றில் புதைந்து புதைந்து வந்து சேர்ந்தார். பேச முடியாமல் மூச்சு வாங்கியது. என் வாளியைப் பிடித்து நிறுத்தினார். சட்டையைக் கழற்றி நனைத்து உன் முதுகில் விரித்தார். அந்தத் துளையை மட்டும் மூடாமல் விட்டார்.

கடல் உயிர்களைப் பார்த்துக்கொள்கிற குழுவிலிருந்து என்று ஒரு பெண் வந்தாள். யாரோ போன் பண்ணியிருக்கிறார்கள். தமிழ்ப் பிள்ளை, செரண்டா ஊர்க்காரி.

"அக்கா, இது மீன் இல்லக்கா. நம்மள மாதிரி காத்துலதான் மூச்சு வுடும். அந்த ஓட்டைதான் அதுக்கு மூக்கு."

பாக்சிக் மூக்கைத் தொட்டது அதற்குத்தான்.

"தண்ணி ஏறுனா படகு வச்சு உள்ள கொண்டு போயிரலாம். அதுவரைக்கும் மூச்சு நிக்கணும்," என்றாள். பிறகு உன் வயிற்றுப் பக்கம் குனிந்து பார்த்தாள். "பொட்டைக் குட்டிக்கா. அதான் வயித்தெரிச்சல். இந்தக் கடல்ல இதுங்க கொஞ்சம்தான் இருக்கு. சரியா எத்தனன்னு யாருக்கும் தெரியாது. கிள்ளான் துறைமுகத்துக்கு வர்ற கப்பல் இடிக்குது, வலையில மாட்டுது. ஒரு பேறுக்கு ஒண்ணுதான் போடும், அடுத்தது போட வருசக்கணக்கு ஆவும். ஒண்ணு போனா, அந்த எடத்துக்கு வேற இல்லலா."

கரகத்தை மறந்து எல்லாரும் கரையில் உட்கார்ந்துவிட்டோம்.

துளை திறந்தது, மூடியது. ரொம்ப நேரம் கழித்துத் திறந்தது. மூடியது. பிறகு திறக்கவில்லை…

அதற்கப்புறம்தான் தண்ணீர் வந்து உன் வாலைத் தொட்டது.

"என்னாலயா?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன்.

"வால்ல பாருங்க, வலை அறுத்த காயம். ஏற்கனவே தளந்து போயிதான் ஒதுங்கியிருக்கு. உங்களால மட்டும்னு சொல்ல முடியாதுக்கா."

'மட்டும்' என்றாள். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை.

கிளம்பும்போது பாக்சிக் என் வாளியைக் கடலில் கழுவிக் கொண்டுவந்து கொடுத்தார். தெரியாமல் செய்ததுதானே, பரவாயில்லை என்று மலாயில் சொன்னார்.

அந்தத் துளை மூக்கு என்று தெரியாமல் ஊற்றினேன், சரி. அவர் வேண்டாம் என்றதற்காகவே உயர்த்தி ஊற்றினேனே… அது தெரிந்து செய்தது. அதை அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. தெரிமா காசே, நன்றி என்று மட்டும் சொல்லிவிட்டு வேனில் ஏறிவிட்டேன்.

அதனால்தான் சொல்கிறேன், அந்தப் போட்டோ வேண்டாம். அதில் என் முகத்தைப் பாருங்கள். நான் உன்னைப் பார்க்கவே இல்லை கருப்பி. அவரைத்தான் பார்க்கிறேன்.

வாளி வாசலில் கிடக்கிறது. உள்ளே எடுத்து வைக்க மனம் வரவில்லை.

கடலுக்குத் திரும்பிப் போயிருக்க வேண்டிய என் கருப்பி… ஒவ்வொரு வாளிக்கும் உடம்பை உதறினாயே. நீயும் வேண்டாம் என்றுதான் சொன்னாயா?