உட்காரச் சொல்லும் வேலை

அந்தக் கடையின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொல்லி அதற்கு ஓசியில் விளம்பரம் செய்ய எனக்கு இஷ்டமில்லை. புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில் மூன்று மாடி ஜவுளிக்கடை என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். புடவைப் பிரிவில் நான் பதின்மூன்று வருடம் நின்றேன். வனிதா ஏழு வருடம் நின்றாள். வேலை பார்த்தோம் என்று எழுதலாம்தான், ஆனால் நின்றோம் என்பதுதான் சரி.

வனிதா திருமயத்துப் பெண். கணிதத்தில் பி.எஸ்சி. அவள் படித்து முடித்த காலத்தில் பனியன் கம்பெனிக்குத் திருப்பூர் பஸ் ஏற வேண்டும், இல்லாவிட்டால் இங்கே ஜவுளிக்கடையில் சேர வேண்டும். அப்பா படுத்த படுக்கையாகக் கிடந்ததால் அவளால் ஊரைவிட்டு நகர முடியவில்லை. பட்டத்தைப் பெட்டியில் பூட்டிவிட்டுப் புடவை மடிக்க வந்தாள்.

காலை ஒன்பது மணிக்கு உள்ளே போனால் இரவு ஒன்பதரை வரை உட்காரக் கூடாது. கடையில் ஈ, காக்காய் இல்லாவிட்டாலும் நிற்க வேண்டும். அதைக் கண்காணிக்கவே ஒரு சூப்பர்வைசர், பெயர் ஆத்மநாதன், ஊர் ஆவுடையார்கோவில். வைத்திருந்தது சாமி பெயர், குணம் சனியன் குணம். துணி அளக்கிற இரும்பு மீட்டர் கோல் எப்போதும் அவர் கையில் இருக்கும். யாராவது ஒரு நொடி குந்தினால் போதும், கண்ணாடி மேஜையில் 'டக் டக்' என்று இரண்டு முறை தட்டுவார். வாயைத் திறக்க மாட்டார். அந்தச் சத்தத்துக்கே நாங்கள் விறைத்து நின்றுவிடுவோம். அவருக்கு மட்டும் பில் கவுண்டர் பக்கத்தில் துண்டு விரித்த நாற்காலி ஒன்று இருந்தது.

அந்த வருடம் தீபாவளிக்கு நாலு நாள் இருந்தது. வனிதாவுக்கு மாதவிலக்கின் முதல் நாள். மதியம் வரை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றவள், முடியாமல் ஒரு புடவைக் கட்டின்மேல் சரிந்து உட்கார்ந்தாள். டக் டக். அவள் எழுந்திருக்கவில்லை. முதல்முறையாக அந்த ஆள் வாயைத் திறந்தார்.

"ஒக்காரணும்னு அம்புட்டு ஆசையா? வா, ஒனக்குத் தோதான எடம் காட்டுறேன்."

கூட்டிக்கொண்டு போய் வாசலில், புடவை கட்டிய பொம்மைக்குப் பக்கத்தில் நிறுத்தினார். வருகிறவர்களுக்கெல்லாம் இரவு வரை வணக்கம் சொல்ல வேண்டுமாம். தீபாவளித் துணிக்குத் திருமயத்துக்காரர்கள் பாதிப் பேர் இங்கேதான் வருவார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்தார்கள். அவளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த காலேஜ் மிஸ்ஸும் வந்தார். "வனிதாவா நீ?" என்று கேட்டவரிடமும் கையைக் கூப்பினாள். கடை சாத்தும்போது, நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார் ஆத்மநாதன்.

பஸ் ஸ்டாண்டில் அவள் அழவில்லை. "அக்கா, ஒரு நாளு அந்தாளு என் முன்னாடி நிக்கணும். நான் யாருன்னு தெரிஞ்சு நிக்கணும்" என்றாள்.

"நிப்பான்டி" என்றேன். அவளைத் தேற்றத்தான் சொன்னேன்.

பிறகு, கடை வேலையாட்களுக்கு இருக்கை போட வேண்டும் என்று சட்டமே வந்தது. எங்கள் கடையிலும் பன்னிரண்டு ஸ்டூல் வாங்கினார்கள். அவற்றின்மேல் புடவைப் பெட்டிகளை அடுக்கிவைத்தார்கள். பெட்டிகள் சட்டப்படி உட்கார்ந்திருந்தன, நாங்கள் நின்றோம்.

ஊர் சும்மா இருக்கவில்லை. நகராட்சி மாநகராட்சி ஆனது. புறவழிச் சாலையில் ஆஸ்பத்திரி, கார் ஷோரூம் என்று எழும்பின. கம்பெனி வேன்கள் கிராமத்துக்குள்ளேயே வந்து பெண்களை ஏற்றிக்கொண்டு போயின. நிற்க ஆள் கிடைக்காத காலம் வந்தது. அப்போதுதான் வெளியூர் முதலாளி ஒருவர் இங்கே நாலு மாடியில் ஜவுளிக்கடை திறந்து, ஒவ்வொரு கவுண்டருக்கும் ஸ்டூல் போட்டார். தர்ம சிந்தனையெல்லாம் இல்லை, போடாவிட்டால் ஒருத்தியும் வர மாட்டாள் என்பது அவருக்குத் தெரியும்.

வனிதா அதற்குள் சூப்பர் மார்க்கெட்டில் பில் போட்டு, சாயங்காலத்தில் கம்ப்யூட்டர் படித்து ஒரு மாதிரி மேலே வந்திருந்தாள். புதுக் கடை அவளை ஃப்ளோர் மேனேஜர் ஆக்கியது. அறுபத்திரண்டு பெண்கள் அவள் பொறுப்பு. அந்த வாரமே பழைய கடைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு அவளிடம் போய்ச் சேர்ந்தேன்.

பழைய கடை ஒரு வருடம் ஈ ஓட்டியது. பிறகு மூடிவிட்டார்கள். அன்று நான் பிள்ளையாருக்கு ஏழு தேங்காய் உடைத்தேன். இப்போது அந்தக் கட்டடத்தில் ஜிம் நடக்கிறது.

போன ஆடி மாதம் ஆள் எடுப்பதற்கு இன்டர்வியூ வைத்தாள் வனிதா. வந்தவர்களின் பட்டியலைப் பார்த்தேன். ஆத்மநாதன், வயது ஐம்பத்தேழு. அவரைக் கூப்பிடுவதற்கு முன் நான் உள்ளே போய், அவள் எதிரில் இருந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். வனிதா பார்த்துவிட்டு, அவரை வரச் சொன்னாள்.

தலைக்கு மை பூசி, சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்திருந்தார். உட்கார இடம் தேடி நாலு பக்கமும் பார்த்தார். நான் ஃபைல் அடுக்குகிற சாக்கில் அங்கேயே இருந்தேன். வனிதா கேள்வி மேல் கேள்வியாக முக்கால் மணி நேரம் நிறுத்திவைத்தாள். அவர் இடது காலிலிருந்து வலது காலுக்கு மாறிக்கொண்டே பதில் சொன்னார். மகள் நர்சிங் கடைசி வருடம் என்றார். அந்தப் பெண்ணின் படிப்புக்குப் பணம் வேண்டும் என்பது எனக்கும் புரிந்ததுதான். இருந்தும் பாவம் என்று தோன்றவில்லை, பொய் சொல்ல மாட்டேன்.

"ஒங்க கிட்ட வேல பாத்த பொண்ணுங்க யாரையாச்சும் ஞாபகம் இருக்குங்களா?" என்று கேட்டாள் வனிதா.

"எத்தனையோ புள்ளைக வந்துச்சு, போச்சு மேடம். எல்லாம் ஒண்ணுபோலத்தான் இருக்கும். யார ஞாபகம் வச்சுக்கிறது?"

எதிரில் நிற்கிறார், ஆனால் யார் முன்னால் நிற்கிறோம் என்று தெரியாமல் நிற்கிறார். அப்படி நின்று என்ன பிரயோஜனம்? வனிதா மேஜைமேல் கிடந்த ஸ்கேலை எடுத்து, கண்ணாடியில் இரண்டு முறை தட்டினாள். டக் டக்.

அந்த ஆள் விறைத்து நின்றார். அவளை உற்றுப் பார்த்தார். முகம் சுண்டிப்போயிற்று. "திருமயத்துப் புள்ள..." என்றார்.

"வேல உண்டு. நாளைக்கு வாங்க" என்றாள் வனிதா.

அவர் போனதும் நான் பாய்ந்தேன். "பாம்புக்குப் பால் வார்க்கிறியாடி?"

"என்னா வேலன்னு கேளுங்கக்கா."

மணிக்கு ஒரு தடவை பத்து நிமிடம் உட்கார வேண்டும் என்பது எங்கள் கடை விதி. ஆனால் பழைய கடைகளில் நின்று பழகியவர்களுக்கு ஸ்டூலைக் கண்டால் பயம், உட்கார மாட்டார்கள். மணிக்கொரு தடவை கவுண்டர் கவுண்டராகப் போய் அறுபத்திரண்டு பேரையும் உட்காரச் சொல்வதுதான் ஆத்மநாதனுக்கு வேலை. மீட்டர் கோல் கிடையாது, வாயால்தான் சொல்ல வேண்டும். ஃப்ளோரில் கடைசி ஆள் உட்கார்ந்த பிறகு அவர் உட்காரலாம்.

மறுநாள் காலை என் கவுண்டருக்கு வந்தார். "ஒக்காருங்க" என்றார்.

"என்னா சொன்னீங்க? காது கேக்கல."

"ஒக்காருங்கம்மா."

மூன்றாம் தடவை சொன்ன பிறகுதான் உட்கார்ந்தேன். மற்றவளுகளும் லேசில் விடவில்லை. அறுபத்திரண்டு பேரையும் முடித்தபோது அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. காலை லேசாக இழுத்துக்கொண்டு வனிதாவின் மேஜைப் பக்கம் வந்தார்.

வனிதாவுக்குக் கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு நீலமாகப் புடைத்திருக்கும். ரொம்ப நேரம் நிற்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஆனாலும் அவர் வருவதைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்துகொண்டாள்.

"எல்லாரும் ஒக்காந்தாச்சு மேடம். நீங்களும் ஒக்காருங்க" என்றார்.

"ஏழு வருசம் நின்ன காலு சார். அம்புட்டுச் சீக்கிரம் மடங்காது" என்றாள் வனிதா.

அவள் உட்காரவில்லை, அதனால் அவராலும் உட்கார முடியவில்லை. நான் என் ஸ்டூலில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, நிற்கிற இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.