சித்தி தொட்ட ஜன்னல் கம்பி

எம்.எஸ்சி. இயற்பியல் முதல் நாள் வகுப்பில் ஒவ்வொருவராக எழுந்து பெயர், ஊர், எதில் ஆர்வம் என்று சொல்லச் சொன்னார் பேராசிரியர். எனக்கு முன்னால் எழுந்தவர்கள் எல்லோருக்கும் கருந்துளையிலும் நட்சத்திரத்திலும்தான் ஆர்வம். ஒருவன் சின்ன வயதிலேயே மொட்டை மாடியில் படுத்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பானாம். எங்கள் குன்றத்தூர் வாடகை வீட்டில் மாடிக்குத் துணி காயப்போடப் போனாலே வீட்டுக்காரர் முறைப்பார். இதில் வானமாவது, பார்ப்பதாவது! என் முறை வந்தபோது, "நிலைமின்னியல் சார்" என்றேன். ஏனம்மா என்றார். சும்மா பிடிக்கும் சார் என்று உட்கார்ந்துவிட்டேன். உண்மையைச் சொல்வதென்றால் என் சித்தியைப் பெண் பார்க்க வந்த கதையைச் சொல்ல வேண்டும். அதற்கு அங்கே நேரம் ஏது?

நான் ஐந்தாவது படித்தபோது அம்மாவின் தங்கை எங்களோடுதான் இருந்தாள். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் செல்போன் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் லைன் வேலை. வேலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் சாப்பாடு ஆறிப்போகும். உள்ளே போகும் முன் ஒரு தகட்டின் மேல் ஏறி நிற்க வேண்டும், பச்சை விளக்கு எரிந்தால்தான் விடுவார்கள், உட்கார்ந்ததும் மணிக்கட்டில் ஒரு பட்டையை மாட்டி அதன் ஒயரைத் தரையோடு சேர்த்துவிட வேண்டும் என்று எனக்கு விலாவாரியாகச் சொல்வாள்.

"நம்ம ஒடம்புல கரண்டு ஏறிக்கினே இருக்கும்டி. நமக்கு ஒண்ணும் தெரியாது. ஆனா நாம தொட்டா அந்தச் சின்ன போர்டு செத்துடும்."

அந்த வருடம் மே மாதம் மேல்காற்று வறட்டு வறட்டென்று வீசியது. ஒரு நாள் சித்தி ஏ.சி. பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த கையோடு, கைக்குழந்தையாக இருந்த என் தம்பியின் கன்னத்தைத் தொட்டாள். சட்டென்று ஒரு பொறி. தம்பி வீல் என்று அலறினான். அன்றிலிருந்து அவனைத் தூக்கும் முன் ஜன்னல் கம்பியை ஒரு தரம் தொட்டுவிடுவாள். உடம்பில் ஏறியது அதில் இறங்கிவிடுமாம். சுவரில் பதித்த கம்பி அப்படியொன்றும் சிறந்த வழி இல்லை என்று இன்று என்னால் ஒரு பக்கம் எழுத முடியும். ஆனால் தம்பி அதன்பிறகு அழவில்லை. ஏன் எதற்கு என்று காதிலேயே வாங்காமல் அம்மா அதற்குக் கம்பெனி கிறுக்கு என்று பெயர் வைத்தாள்.

இந்த நேரத்தில்தான் சேரப்பணஞ்சேரியிலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை வல்லம் வடகால் தொழிற்பேட்டையில் சூப்பர்வைசர். ஜாதகம் பத்துக்கு ஒன்பது பொருத்தம் என்று அப்பா பூரித்துப்போனார். சித்தி மட்டும் அம்மாவிடம் மெதுவாகக் கேட்டாள்:

"வேலைய வுடச் சொன்னா இன்னா பண்றதுக்கா?"

"சொன்னா வுட்டுடு. அப்பா இல்லாத பொண்ணுக்கு ஒங்க மாமா செருப்பு தேய அலைஞ்சி புடிச்ச எடம். வேணாம்னு எதனா வாயத் தொறந்த, அவ்ளோதான்."



ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். கேசரியும் வாழைக்காய் பஜ்ஜியும் காபியும் போயின. மாப்பிள்ளை நல்லவராகத்தான் தெரிந்தார், ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தார். பேசியதெல்லாம் அவருடைய அம்மாதான். "எங்க வூட்டு மருமவ சம்பாரிச்சிதான் அடுப்பெரியணும்னு இல்லீங்க. தேதி குறிச்சதும் வேலைய வுட்டுடட்டும்" என்றார். அதற்கென்னங்க என்றார் அப்பா. என்னமோ கேசரிக்குச் சர்க்கரை போதுமா என்று கேட்டதுபோல அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார்.

அப்போது மாப்பிள்ளையின் அக்கா, கொஞ்சம் பிடிம்மா என்று தன் குழந்தையை நீட்டினாள். சித்தி பஜ்ஜித் தட்டை என் பக்கத்தில் வைத்தாள், எட்டி ஜன்னல் கம்பியைத் தொட்டாள், பிறகுதான் குழந்தையை வாங்கினாள். பழக்கம், அவளுக்கே தெரிந்திருக்காது.

மாப்பிள்ளையின் அம்மாவுக்கு முகம் மாறிவிட்டது.

"இன்னாத்துக்கு இரும்பத் தொட்டுட்டுப் புள்ளய வாங்குது? ராத்திரி ஷிப்டு முடிச்சி ஏரிக்கரைப் பக்கமா வருதா இன்னா? காத்து கருப்பு எதனா...?"

அக்காக்காரி குழந்தையைப் பிடுங்காத குறையாகத் திரும்ப வாங்கிக்கொண்டாள். அம்மா திருதிருவென்று விழித்தாள். அப்பாவுக்கு அந்தப் பழக்கமே தெரியாது. எல்லோரும் சித்தியைப் பார்த்தார்கள். அவள் தலையைக் குனிந்து நின்றாள்.

எனக்கோ உள்ளே குதித்துக்கொண்டிருந்தது. அந்தக் கூடத்தில் சித்தியை விட்டால் பதில் தெரிந்த ஒரே ஆள் நான்! தகடு, பச்சை விளக்கு, பட்டை, ஒயர் எல்லாம் எனக்கு அத்துப்படி. "அது பேய் இல்ல ஆன்ட்டி, கர..." என்று தொடங்கினேன். அதற்குள் ஒரு முழு பஜ்ஜி என் வாய்க்குள் வந்து இறங்கியது. "சாப்புடு பாப்பா, ஆறிடப் போவுது" என்றாள் சித்தி. சூட்டில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான் மென்று முழுங்குவதற்குள் அவர்கள் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

"வாய்ல இன்னா கொழுக்கட்டையா வச்சிருந்த? ஒரு வார்த்த சொல்றதுக்கு இன்னாடி?" என்று அம்மா ஓவென்று அழுதாள். சித்தி தட்டுகளைக் கழுவினாள். இரண்டு நாள் கழித்துத் தரகர் அப்பாவுக்குப் போன் செய்தார். ஜாதகம் ஒத்து வரலையாம். மறுநாள் காலை சித்தி வழக்கம்போல யூனிபார்ம் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள். இன்றும் அங்கேதான் இருக்கிறாள். இப்போது அவள் லைன் லீடர். கணவர் அவளே பார்த்துக்கொண்டவர்.

எனக்கு அப்போது வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. அவ்வளவு சொல்லிக் கொடுத்தவளே என்னை நம்பவில்லையே என்று அழுதேன். பெரியவர்கள் முன்னால் நான் தப்பாக உளறி மானத்தை வாங்கிவிடுவேன் என்று பயந்துவிட்டாள் என்றே நினைத்தேன்.

நான் சரியாகச் சொல்லிவிடுவேன் என்றுதான் அவள் பயந்திருக்கிறாள்.