பொத்தானில் ஒரு சந்தனப் பொட்டு

லண்டனில் தமிழர் வீடுகளுக்குக் கொம்பியூட்டர் வந்து இறங்கத் தொடங்கிய காலத்தில், ஈஸ்ட் ஹாமிலிருந்து செவன் கிங்ஸ் வரைக்கும் யேசுரட்ணத்தைத் தெரியாத வீடு குறைவு. தெரியும் என்றால், அவருடைய தொலைபேசி எண் தெரியும். அவ்வளவுதான்.

மன்னாரில் பிறந்தவர். எண்பத்தாறில் அகதியாக வந்தார். பெற்றோல் ஷெட்டில் ஷிப்ட் வேலை, சேலைக் கடை ஒன்றின் மேல்மாடியில் ஒரு அறை. தங்கைமாரைக் கரைசேர்த்துவிட்டு நிமிர்ந்து பார்த்தபோது நாற்பத்தைந்து வயதாகியிருந்தது. அதன்பிறகு கலியாணப் பேச்சை யாரும் எடுக்கவில்லை, அவரும் எடுக்கவில்லை. ஏதோ அலுவலகம் தெருவில் தூக்கிப்போட்ட பழைய கொம்பியூட்டர் ஒன்றை அறைக்குக் கொண்டுவந்து, ஒரு குளிர்காலம் முழுக்கக் கழற்றிக் கழற்றிப் பூட்டினார். அப்படித்தான் தொழில் படிந்தது. பேச்சுத் துணைக்கு ஆள் இல்லாதவனுக்கு ஏதாவது ஒன்று வேண்டும் அல்லவா?

அவருடைய தொலைபேசி அடித்தால் பேச்சு எப்போதும் ஒரே மாதிரித்தான். "அண்ணை, எப்பிடிச் சுகம்?" என்பார்கள். அவர் வாயைத் திறக்க முன்னமே, "இந்த மெசின் வேலை செய்யுதில்லை" என்பார்கள். நம்முடைய சனம் சுகம் விசாரிப்பது கதவைத் தட்டுகிற மாதிரி. தட்டியாகிவிட்டால் பதிலுக்குக் காத்திருப்பதில்லை. யேசுரட்ணமும் பதில் சொல்வதை எப்போதோ விட்டுவிட்டார்.

அதனால்தான் அம்பலவாணனின் அழைப்பு அவரைத் திக்குமுக்காட வைத்தது. செவன் கிங்ஸில் சொந்த வீடு வாங்கிய கணக்காளர் அம்பலவாணன். அந்த வருடம் விஜயதசமி ஞாயிற்றுக்கிழமையில் வந்திருந்தது.

"சின்னவளுக்கு ஏடு தொடக்குறம் அண்ணை. ஞாயிறு காலமை கட்டாயம் வந்திடுங்கோ."

"மெசினுக்கு என்ன பிரச்சினை?"

"மெசின் நல்லா இருக்கு. நீங்கள் வாங்கோ."

நீங்கள் வாங்கோ! தொலைபேசியை வைத்துவிட்டு யேசுரட்ணம் அறைக்குள் கொஞ்ச நேரம் சும்மா நின்றார். மெசின் நல்லா இருக்கிற ஒரு வீட்டுக்குத் தன்னைக் கூப்பிடுகிறார்கள். ஷெட்டில் சொல்லி லீவு எடுத்தார். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குக் கோயிலுக்குப் போகாமல் விட்டார். அந்தோனியாரிடம் பிறகு சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். புதுச் சேர்ட் போட்டுக்கொண்டு, எந்த வீட்டுக்குப் போனாலும் தோளில் தொங்குகிற, திருகாணிகள் கழற்றுகிற ஆயுதப் பையை வேண்டுமென்றே கட்டிலில் வைத்துவிட்டுப் புறப்பட்டார்.

கதவைத் திறந்த அம்பலவாணன் முதலில் பார்த்தது அவருடைய தோளைத்தான்.

"பை கொண்டு வரேல்லையோ அண்ணை?"

"இல்லை... மெசின் நல்லா இருக்கெண்டு சொன்னீங்கள்."

"நல்லாத்தான் இருந்தது. ஏதும் நடந்தாலும் எண்டுதான் உங்களை வரச் சொன்னனான். பாருங்கோ, இப்ப நடந்திட்டுது!"

யேசுரட்ணத்துக்கு மனம் சட்டென்று விழுந்தது. ஆனாலும் சிரித்தார். அந்தச் சிரிப்பும் அவருக்குத் தொழிலோடு வந்து சேர்ந்ததுதான்.

விஷயம் இதுதான். ஏடு தொடக்கும்போது தாம்பாளத்தில் அரிசி பரப்பி, அதில் பிள்ளையின் விரலைப் பிடித்து 'அ' எழுதுவிப்பது நம் வழக்கம். இனிமேல் அரிசியில் எழுதி என்ன பயன் என்று அம்பலவாணன் யோசித்துவிட்டார். தமிழ் எழுத்துரு ஒன்றைத் தேடிப்பிடித்து மெசினில் ஏற்றி, மகளின் முதல் எழுத்தைத் திரையில் வரவைக்கப் போகிறார். வீடியோவுக்கு நண்பர் சிவானந்தன். விரல் பிடிக்க ஊரில் அதிபராக இருந்த கோபாலகிருஷ்ணன் மாஸ்டர். கூடம் நிறையச் சனம். பஞ்சாங்கம் கொடுத்த நல்ல நேரம் ஓடிக்கொண்டிருந்தது. மெசின் மட்டும் சரஸ்வதி படத்துக்கு முன்னால் செத்துக் கிடந்தது.

யேசுரட்ணம் சேர்ட் கையை மடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். சுவரில் மின்சாரம் வருகிறதா என்று மேசை விளக்கைச் செருகிப் பார்த்தார். எரிந்தது. மெசினின் பிளக்கைத் திறந்து, விளக்கின் பியூஸை எடுத்து அதற்குள் போட்டார். பயனில்லை. வயரை மாற்றினார். அதற்கும் அசையவில்லை. சுற்றி நின்ற சனம் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னது. கடைசியில் பெட்டியின் முகத்தில் இருந்த பொத்தானை நன்றாக அமுக்கிப் பிடித்தார். உள்ளே காற்றாடி சுழன்றது. விரலை எடுத்தார். நின்றது.

கிட்டப் போய்ப் பார்த்தார். பொத்தானின் மேல், வட்டமாக, அழகாக, ஒரு சந்தனப் பொட்டு. நடுவில் குங்குமம்.

"இது ஆர் வைச்சது?"

"நான்தான் அண்ணை," என்றாள் அம்பலவாணனின் மனைவி சிவகௌரி. "புத்தகங்களோட மூண்டு நாளா இதையும் பூசையில வைச்சனாங்கள். பொட்டு வைக்க நெற்றி எதெண்டு தெரியேல்ல. அது வட்டமா இருந்திச்சு..."

குழைத்த சந்தனம் பொத்தானின் ஓரத்தால் உள்ளே இறங்கி, மூன்று நாளில் காய்ந்து கல்லாகியிருந்தது. அமுக்கினால் பொத்தான் உள்ளே போகும். ஆனால் அங்கேயே பிடித்துக்கொண்டு நிற்காது. பின்னூசியால் முடிந்தவரை சுரண்டினார். பையும் இல்லை.

"முழுக்கக் கழற்றித் துடைக்க வேணும். நேரம் எடுக்கும்."

"நல்ல நேரம் முடியப்போகுது அண்ணை!" அம்பலவாணனின் குரல் உடைந்தது. "வேற வழி இல்லையோ?"

ஒரு வழி இருந்தது. யாராவது பொத்தானை அமுக்கிப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த யாராவது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

யேசுரட்ணம் மேசைக்குப் பக்கத்தில் முழங்காலில் நின்று பெருவிரலால் பொத்தானை அமுக்கினார். மெசின் உயிர்த்தது. கூடத்தில் பெருமூச்சு எழுந்தது. அம்பலவாணன் பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ள, மாஸ்டர் அதன் விரலைப் பிடித்தார். சிவானந்தன் கமெராவுக்குப் பின்னாலிருந்து சொன்னான்:

"யேசு அண்ணை, கொஞ்சம் பதியுங்கோ. உங்கட தலை படத்தில விழுகுது."

குனிந்து பதிந்தார்.

"இன்னும் கொஞ்சம்."

மேசை விரிப்புக்குள் தலையை நுழைத்துக்கொண்டார். கை மட்டும் வெளியே, பொத்தானில். மேலே கைதட்டல் கேட்டது. 'அ' வந்துவிட்டது. அவருக்குத் தெரிந்தது பிள்ளையின் வெள்ளிச் சதங்கை போட்ட கால்கள் மட்டும்.

"இலை போட்டாச்சு, எல்லாரும் வாங்கோ!" என்று சிவகௌரி கூப்பிட்டாள். கால்கள் ஒவ்வொன்றாக அடுத்த அறைக்குப் போயின. விரலை எடுக்கலாம் என்று யாரும் சொல்லவில்லை. எடுத்தால் பிள்ளையின் எழுத்து அழிந்துவிடும். யாராவது வருவார்கள் என்று இருந்தார். பெருவிரல் மரத்தது. சாம்பார் மணத்தது. அடுத்த அறையில் யாரோ கேட்டார்கள்:

"யேசு அண்ணையைக் காணேல்ல?"

"அவர் ஷிப்டுக்குப் போயிருப்பார்," என்றார் அம்பலவாணன். "பாவம், எந்த நேரமும் வேலை."

நாற்பத்தெட்டு வயது மனிதர், மேசைக்கு அடியில் இருந்துகொண்டு அழுதார். கோபத்தில் விரலை எடுத்துவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. பிறகு எட்டி, இடக்கையால் மேசை மேலிருந்த விசைப்பலகையைத் தடவி, எழுத்தைச் சேமித்தார். முறைப்படி எல்லாவற்றையும் மூடினார். அதற்குப் பிறகுதான் விரலை எடுத்தார்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு சாப்பாட்டறை வாசலில் போய் நின்றார்.

"நான் ஷிப்டுக்குப் போகேல்ல, தம்பி. இண்டைக்கு லீவு எடுத்துக்கொண்டு வந்தனான். எனக்கும் ஒரு இலை போடுங்கோ."

அம்பலவாணன் எழுந்த வேகத்தில் தண்ணீர்க் கிளாஸ் சரிந்தது. "ஐயோ அண்ணை, வாங்கோ, வாங்கோ" என்று சிவகௌரி ஓடிப்போய்க் கதிரை கொண்டுவந்தாள். இரண்டு பேர் விலகி இடம் விட்டார்கள். சோறு வந்தது, கத்தரிக்காய்க் குழம்பு வந்தது, வடை இரண்டாக வந்தது. எல்லாரும் தத்தம் இலையைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்கள். இப்படிக் கேட்டு வாங்கிய சாப்பாடு தொண்டையால் இறங்காது என்று அவர் நினைத்திருந்தார். இறங்கியது. காலையிலிருந்து பசி.

கொஞ்ச நேரத்தில் பக்கத்திலிருந்தவர், முன்பின் தெரியாத மனிதர், அவர் பக்கம் திரும்பினார்.

"அண்ணை, எப்பிடிச் சுகம்?"

யேசுரட்ணம் வாயிலிருந்த சோற்றை விழுங்கினார். இந்தத் தடவை பதில் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார்.

"எங்கட வீட்டு மெசினும் கொஞ்ச நாளா ஒரு சத்தம் போடுது," என்றார் அந்த மனிதர். "ஒருக்கா வந்து பார்க்க ஏலுமோ? எந்த ஞாயிறு உங்களுக்குச் சரி?"

"எந்த ஞாயிறும் சரி," என்றார் யேசுரட்ணம்.