கழுவிய முட்டை

எங்கள் வீட்டில் நான் யாரிடமும் கேட்காமல் செலவு செய்யக்கூடிய காசு ஒன்றே ஒன்றுதான்: என் நாட்டுக்கோழிகளின் முட்டைக் காசு. மற்றதெல்லாம் வீட்டுக்காரரின் சட்டைப்பையில் இருக்கும். கேட்டால் காரணமும் சேர்த்துச் சொல்ல வேண்டும். போன வருடம் பேப்பரில் எழுத்து கலங்க ஆரம்பித்ததும், முட்டைக் காசிலேயே கண்ணாடி வாங்குவது என்று வீம்பாக இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் தூக்குவாளியில் உமி போட்டு, முட்டைகளை அடுக்கிக்கொண்டு ரெட்டிபாளையத்துக்கு பஸ் ஏறுவேன். சிமெண்ட் ஆலைக் குடியிருப்பில் நாலு வீடு வாடிக்கை. முதல் வீட்டு அம்மா வாங்கினால்தான் மற்ற மூன்று வீட்டிலும் வாங்குவார்கள்.

ஒரு ஞாயிறு எனக்குப் புத்தி கொஞ்சம் அதிகமாக வேலை செய்தது. பெரிய இடத்துக்குப் போகும் பொருள், எச்சமும் வைக்கோலும் ஒட்டிக்கொண்டா போவது? தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி, துணியால் துடைத்து, பளபளவென்று கொண்டுபோய் வைத்துவிட்டு, பாராட்டு வரும் என்று நின்றேன்.

அந்த அம்மா ஒரு முட்டையைத் தூக்கிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, இது கடை முட்டைதானே?"

என் கோழிகளின் மேல் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை. வாளி நிறையப் போன முட்டை வாளி நிறையத் திரும்பி வந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்த வாரம் எங்கள் வீட்டில் தினமும் முட்டைக் குழம்பு. வீட்டுக்காரர் முதல் நாள் ரசித்துச் சாப்பிட்டார். மூன்றாம் நாள் தட்டைப் பார்த்துவிட்டு, "கண்ணாடிக்கு நானே காசு தரேன், இந்த முட்டைய மட்டும் நிறுத்து" என்றார். குழம்பைவிட அந்தப் பேச்சுதான் எனக்குக் காரமாக இருந்தது.

அடுத்த ஞாயிறு, எடுத்தது எடுத்தபடியே கொண்டுபோனேன். ஒரு முட்டையில் இறகுகூட ஒட்டியிருந்தது. அதை எல்லாவற்றுக்கும் மேலே வைத்தேன். அந்த அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. இதுதான் நாட்டு முட்டை, பார்த்தாலே தெரிகிறதே என்று மற்ற மூன்று வீட்டாரையும் அவரே கூப்பிட்டார். வாளி காலியானது.

காசை முந்தானையில் முடிந்துகொண்டு நிமிர்ந்தால், அந்த அம்மா வாங்கிய முட்டைகளைக் குழாயடியில் வைத்து, நாரால் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார்.

"அழுக்கோட ஃப்ரிட்ஜுல வைக்க முடியுமா, நீயே சொல்லு."

"முடியாதுங்க" என்றேன்.

துணியால் துடைத்தால் இன்னும் பளபளக்கும் என்று சொல்ல வாய் துறுதுறுத்தது. கண்ணாடி ஞாபகம் வந்தது. காலி வாளியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.